மான் பீடர் ஓடும் காட்டில் வான்கோழி சுடலாமா?

கேள்வி கேட்டவர் சொன்னதைச் சுருக்கினால் இவ்வளவுதான். ஜார்ஜியாவில் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறார். அலுவலக நண்பர் ஒருவர் அலபாமாவில் லீஸுக்கு எடுத்திருக்கும் காட்டுக்கு, ஏப்ரலில் வான்கோழி வேட்டைக்கு இவரைக் கூப்பிடுகிறார். அந்தக் காட்டில் மான்களுக்காக மக்காச்சோளம் தூவும் பீடர் ஓடிக்கொண்டிருக்கிறது. "அதற்கு லைசன்ஸ் வாங்கியிருக்கிறேன், பிரச்சினை இல்லை" என்கிறார் நண்பர். ஆனால் சோளம் போட்டு வான்கோழி சுட்டவர்கள் பிடிபட்ட செய்தியை இவர் எங்கோ படித்திருக்கிறார். தீனி போடுவதில் அப்படி என்ன குற்றம், அடர்ந்த தனியார் காட்டுக்குள் நடப்பதை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள், தெரியாமல் கூடப் போனவரும் மாட்டுவாரா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறார். இந்த மூன்றுக்கும் அடியில் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது: மானுக்குச் சரி என்று சொல்லும் சட்டம் வான்கோழிக்கு மட்டும் ஏன் கூடாது என்கிறது? அதற்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

நான் காட்டுயிர் மேலாண்மை படித்தவன். அமெரிக்காவின் தென்கிழக்கில் நிலத்தில் கூடு கட்டும் பறவைகளோடு பல ஆண்டுகள் வேலை செய்திருக்கிறேன், வேட்டைப் பாதுகாப்பு வகுப்புகளில் தன்னார்வலராகப் பாடமும் எடுக்கிறேன். வழக்கறிஞர் இல்லை. அதனால் பறவையைப் பற்றிச் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளுங்கள். சட்டத்தைப் பற்றிச் சொல்வதை அந்தந்த மாநிலம் ஆண்டுதோறும் வெளியிடும் விதிப் புத்தகத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இந்த விதிகள் அடிக்கடி மாறுபவை.

முதலில் நேரடிப் பதில். பீடர் ஓடிக்கொண்டிருக்கும் வரை அந்த இடத்துக்கு வான்கோழி வேட்டைக்குப் போகாதீர்கள். உங்கள் நண்பர் சொல்லும் லைசன்ஸ் நிஜம்தான். தீனி இருக்கும் இடத்தில் வேட்டையாடத் தனி லைசன்ஸ் வாங்கும் முறையை அலபாமா 2019-இல் கொண்டுவந்தது. ஆனால் அது வெள்ளைவால் மானுக்கும் காட்டுப்பன்றிக்கும் மட்டும்தான் செல்லும். அதே மரத்தடியில், அதே சோளத்தைத் தின்ன வரும் வான்கோழியை அந்த லைசன்ஸை வைத்துக்கொண்டு சுட முடியாது. முந்தின நாள் ராத்திரி பீடரை நிறுத்திவிட்டாலும் சரியாகாது. தீனி முழுக்க அகற்றப்பட்ட பிறகும் 10 நாள் வரை அது தீனி போட்ட இடம்தான் என்பது அலபாமா சட்டம். மிசூரியிலும் இதே 10 நாள் கணக்கு உண்டு. பென்சில்வேனியாவில் 30 நாள்.

இனி ஏன் என்பது. வான்கோழி என்றால் நம் ஊரில் பண்ணையில் கொக்கரித்துக்கொண்டு திரியும் கனத்த பறவைதான் நினைவுக்கு வரும். காட்டு வான்கோழி வேறு மாதிரி. பறக்கும், ராத்திரி மரத்தில் ஏறித் தூங்கும், சின்ன அசைவைக்கூடத் தூரத்திலிருந்தே பார்த்துவிடும். அப்படிப்பட்ட பறவையையும் காடழிப்பும் கட்டுப்பாடில்லாத சந்தை வேட்டையும் சேர்ந்து கிட்டத்தட்டத் துடைத்தெடுத்துவிட்டன. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாடு முழுக்க மிஞ்சியவை சுமார் 2 லட்சம் என்று மதிப்பிடுகிறார்கள். இன்று சுமார் 60 லட்சம். இந்த மீட்சிக்கான பணத்தில் பெரும்பங்கு வேட்டைக்காரர்களிடமிருந்தே வந்தது. துப்பாக்கி, தோட்டா விற்பனை மீதான வரியைக் காட்டுயிர்ப் பணிக்கென்று ஒதுக்கும் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் 1937-இல் வந்தது, அதோடு லைசன்ஸ் கட்டணமும் சேர்ந்தது. வேட்டையே தப்பில்லையா என்று தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இந்தியா 1972-இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் மூலம் கிட்டத்தட்ட எல்லா வேட்டைக்கும் கதவைச் சாத்தியது. அமெரிக்கா, அளந்து கொடுத்த வேட்டையின் வருமானத்தைக் கொண்டே உயிரினத்தைக் காப்பது என்ற வழியில் போனது. எது மேல் என்ற விவாதத்துக்குள் இங்கே போகவில்லை. அளந்து கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டால் அந்த அளவு பொய்யாகக் கூடாது. தீனி அதைப் பொய்யாக்குகிறது.

அது எப்படி என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வசந்த காலத்தில் ஆண் வான்கோழி விடியும்போது மரத்தின் மேலிருந்தே கத்தத் தொடங்கும். பெட்டைகள் அதைத் தேடி வருவதுதான் இயல்பு. வேட்டைக்காரர் அதைத் தலைகீழாக்கப் பார்க்கிறார். மரத்தில் முதுகைச் சாய்த்து அசையாமல் உட்கார்ந்து, ஸ்லேட் துண்டின் மேல் குச்சியைத் தேய்த்தோ, வாய்க்குள் வைக்கும் சின்ன ரப்பர் சவ்வை ஊதியோ பெட்டையைப் போலக் குரல் கொடுத்து, சேவலை 40 கெஜத்துக்குள் வரவழைக்க வேண்டும். சேவலுக்கு அங்கே பல தேர்வுகள் உண்டு. வராமலே இருக்கலாம். பாதி தூரம் வந்து, கண்ணில் பெட்டை படவில்லையே என்று நின்றுவிடலாம். நிஜப் பெட்டை ஒன்று குறுக்கே வந்தால் அதன் பின்னால் போய்விடலாம். பெரும்பாலான காலைகள் வெறுங்கையோடுதான் முடியும். சீசன் எத்தனை வாரம், ஆளுக்கு எத்தனை சேவல் என்ற எண்களெல்லாம் இந்தத் தோல்வியையும் கணக்கில் சேர்த்துத்தான் வைக்கப்படுகின்றன. அலபாமாவில் ஆளுக்கு 5 சேவல் என்றிருந்ததைச் சில ஆண்டுகளுக்கு முன் 4 ஆகக் குறைத்தார்கள். 4 என்று எழுதியிருப்பதால் எல்லோரும் 4 சுடப்போவதில்லை, பலருக்கு ஒன்றுகூடக் கிடைக்காது என்பது அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

இப்போது அதே காட்டில் சோளத்தைக் கொட்டுங்கள். சேவல் இனச்சேர்க்கைக் காலத்தில் அதிகம் தின்னாதே, சோளத்துக்கு ஏன் வரப்போகிறது என்று சிலர் வாதிடுவார்கள். சேவல் சோளத்துக்காக வர வேண்டியதில்லை. முட்டையிடப் போகும் பெட்டைகள் பசியோடு அலையும். அவை தீனி இருக்கும் இடத்துக்கு ஒரே நேரத்தில், ஒரே வழியில், நாள் தவறாமல் வரப் பழகிவிடும். பெட்டைகள் எங்கேயோ சேவலும் அங்கே. அது எந்தப் பக்கம் போகும் என்று காத்திருந்து, ஏமாந்து, கற்றுக்கொள்ள வேண்டிய வேலை முழுவதும் இல்லாமல் போகிறது. துப்பாக்கியோடு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும்.

இது என் ஊகம் என்று நினைக்க வேண்டாம். வான்கோழியை மீட்டெடுத்த வேலையே இதற்குச் சாட்சி. ஆரம்பத்தில் பண்ணையில் குஞ்சு பொரித்து வளர்த்த பறவைகளைக் காட்டில் விட்டுப் பார்த்தார்கள். அவை பிழைக்கவில்லை. காட்டிலேயே பிறந்து வளர்ந்தவற்றை உயிரோடு பிடித்து, வான்கோழி அற்றுப்போன ஊர்களில் கொண்டுபோய் விட்டபோதுதான் பெருகின. ஆனால் காட்டுப் பறவையைப் பிடிப்பதெப்படி? 1950-களில் தென் கரோலினாவில் பீரங்கி வலையைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். வெடிமருந்து விசையால் பெரிய வலையொன்று பாய்ந்து கூட்டத்தின் மேல் விழும். அந்தக் கூட்டத்தை வலைக்கு முன்னால் நிறுத்தியது எது தெரியுமா? மக்காச்சோளம். நாள் கணக்கில் சோளம் போட்டுப் பழக்கி, எச்சரிக்கை மிகுந்த அந்தப் பறவைகள் தலையைக் குனிந்து கொத்திக்கொண்டிருக்கும் வேளையில் வலையை வீசினார்கள். ஒரே வீச்சில் கூட்டமே அகப்படும். வலைக்குப் பதில் துப்பாக்கி இருந்தால் என்ன ஆகும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். தீனியின் வலிமையை நன்றாக அறிந்தவர்கள் காட்டுயிர்த் துறைக்காரர்கள்தான். தடை அந்த அனுபவத்திலிருந்து வந்தது.

அப்படியானால் மானுக்கு ஏன் அனுமதி? தென் மாநிலங்கள் பலவற்றில் மான் தேவைக்கு அதிகமாகவே இருக்கிறது, காட்டுப்பன்றி அழிக்க வேண்டிய தொல்லை. ஒன்றிரண்டு கூடுதலாக விழுந்தால் நஷ்டமில்லை என்பது அரசின் கணக்கு. வான்கோழியில் அந்த மிச்சம் கிடையாது. இதற்கு நல்ல சான்று டெக்சாஸ். அங்கே ரியோ கிராண்டே இன வான்கோழி ஏராளமாக இருக்கும் மேற்கு, மத்தியப் பகுதிகளில் பீடர் அருகே வான்கோழி சுடுவது சட்டப்படி செல்லும். அதே மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில், அற்றுப்போன கிழக்கத்திய இனத்தைத் திரும்பக் கொண்டுவந்து விட்ட, சீசனுக்கு ஒரு சேவல் மட்டும் அனுமதிக்கப்பட்ட மாவட்டங்களில் தீனிக்குத் தடை. ஒரே மாநிலம், இரண்டு சட்டம். பறவை எவ்வளவு இருக்கிறது என்பதுதான் வித்தியாசம். தீனி போட்டுச் சுடுவது எங்கேயும் எப்போதும் பாவம் என்று பேசுபவர்களோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஆனால் தென்கிழக்கில், கடந்த இருபது ஆண்டுகளாகப் பல இடங்களில் எண்ணிக்கை இறங்கிக்கொண்டிருக்கும்போது, அதைச் செய்வது கூட்டுச் சொத்தைத் திருடுவதுதான். நிலக்காரருக்கு நிலம் சொந்தமாக இருக்கலாம், நிலத்தில் திரியும் வான்கோழி அமெரிக்கச் சட்டப்படி மக்கள் எல்லோருக்கும் சொந்தம்.

இந்த இடத்தில் உறுதியானதையும் உறுதியில்லாததையும் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். தீனி பறவையை எளிதில் சாகக் கொடுக்கிறது என்பது உறுதி. பூஞ்சை பிடித்த சோளம் வான்கோழிக்கு நஞ்சு என்பதும் உறுதி. அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உலகம் கண்டுபிடித்ததே வான்கோழியால்தான். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பண்ணை வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன, தேடிப் போனால் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் இருந்த பூஞ்சையில் போய் முடிந்தது. பீடருக்கு அடியில் மழையில் நனைந்து, வெயிலில் வெந்து கிடக்கும் சோளத்தில் அதே பூஞ்சை வளரும். ஆனால் தென்கிழக்கில் வான்கோழி குறைவதற்குத் தீனிதான் காரணம் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். கூடு கட்டும் இடங்கள் சுருங்கியது, முட்டையும் குஞ்சும் பிழைக்கும் விகிதம் விழுந்தது, நோய்கள், சீசன் சீக்கிரமே தொடங்கி முக்கியமான சேவல்கள் இனச்சேர்க்கைக்கு முன்பே சுடப்படுவது என்று பல காரணங்கள் ஆராய்ச்சியில் இருக்கின்றன. ஜார்ஜியா 2022-இல் சீசனைத் தள்ளிவைத்து, ஆளுக்கு 3 என்றிருந்ததை 2 ஆக்கியது இந்தக் கவலையால்தான். பீடர்களுக்கு வரும் ரக்கூன்கள் (முட்டை தின்னும் சிறு காட்டு விலங்குகள்) பக்கத்துக் கூடுகளையும் காலி செய்கின்றனவா என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. எனக்குப் பலமான சந்தேகம் உண்டு, ஆனால் சந்தேகம் சந்தேகம்தான்.

இரண்டாவது கேள்வி, யார் கண்டுபிடிப்பார்கள் என்பது. வேட்டை விதிகளை அமல்படுத்தும் அதிகாரியான வார்டன் ஒருவர் ஒரு மாவட்டத்தையே, சில இடங்களில் அதற்கு மேலும், தனியாகப் பார்த்துக்கொள்கிறார் என்பதால் பிடிபடும் வாய்ப்பு குறைவு என்று நினைப்பது இயல்பு. ஆனால் தீனி என்பது ஓடி ஒளியும் குற்றம் இல்லை. ஒரே இடத்தில் வாரக்கணக்கில் கிடக்கும். வார்டன்கள் வேட்டைக்காரரைத் துரத்துவதில்லை, சீசன் திறப்பதற்கு முன்பே சோளத்தைக் கண்டுபிடித்துவைத்து, திறக்கும் நாள் காலையில் வந்து காத்திருக்கிறார்கள். சிறு விமானத்தில் பறந்து, மரங்களுக்கு நடுவே மஞ்சளாகத் தெரியும் வட்டங்களைக் குறித்துக்கொள்வதும் உண்டு.

தரையில் பார்த்தால் அந்த இடம் தானே பேசும். காடு முழுக்கச் சருகு மூடியிருக்க, ஓர் இடத்தில் மட்டும் வட்டமாக மண் தெரியும்படி கிளறப்பட்டிருக்கும். அதில் மூன்று விரல் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மிதிபட்டுக் கிடக்கும். ஓரத்தில் ஜே எழுத்துப் போல வளைந்த எச்சம், அது சேவலுடையது. பெட்டையின் எச்சம் சுருண்டு உருண்டையாக இருக்கும். பாதை ஓரத்திலிருந்து அந்த இடம் வரைக்கும் நாலு சக்கர ஏடிவி போய்த் திரும்பிய தடம். முழுச் சோளம் கண்ணில் படும் என்று பயந்து, உடைத்த சோளத்தையோ கோதுமையையோ சருகுக்கு அடியில் தூவுபவர்கள் உண்டு. வார்டன் மண்டியிட்டு, கையளவு மண்ணை அள்ளி ஊதினால் வெள்ளை மாவுத் துணுக்குகள் உள்ளங்கையில் தங்கிவிடும். அதைப் படம் எடுத்து, ஜிபிஎஸ் புள்ளி குறித்து, உறையில் போட்டு முத்திரை வைப்பார்கள். 20 கெஜத்தில் மறைவிடம் கட்டியிருந்தால் அதுவும் படத்தில் வரும்.

அப்புறம், சுட்ட பறவையே சாட்சி சொல்லும். கோழிக்கு இருப்பதுபோல வான்கோழிக்கும் கழுத்துக்கு அடியில் தீனிப்பை உண்டு. தின்றது அரைபடப் போகும் முன் அங்கேதான் தங்கும். அதைக் கீறிப் பார்த்தால் ஏப்ரல் மாதத்தில் இளம்புல், வண்டு, போன வருஷத்து ஓக் கொட்டைத் துண்டு இவையெல்லாம் இருக்க வேண்டும். அதற்குப் பதில் பை நிறைய மஞ்சள் சோளம் உருண்டால், சுற்று வட்டாரத்தில் சோள வயலே இல்லாத பைன் காட்டில் அது எங்கிருந்து வந்தது என்று பதில் சொல்லியாக வேண்டும்.

தனியார் நிலம், நுழையத் தடை என்று பலகை வைத்திருக்கிறோம், வார்டன் எப்படி உள்ளே வரலாம் என்று கேட்கிறார்கள். வீட்டையும் அதைச் சுற்றிய முற்றத்தையும் தாண்டிய திறந்தவெளிக்கு, வாரன்ட் இல்லாத சோதனையிலிருந்து அரசியல் சாசனப் பாதுகாப்பு இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1924-இல் சொன்னது, 1984-இல் மறுபடி உறுதி செய்தது. பெரும்பாலான மாநிலங்களில் வார்டன்கள் இதன் பலத்தில்தான் வேலி தாண்டுகிறார்கள். ஆனால் இது அசைக்க முடியாததாக இல்லை. டென்னசியில் காட்டுயிர்த் துறையினர் வாரன்ட் இல்லாமல் உள்ளே போய் மரத்தில் கேமரா மாட்டியதை எதிர்த்து இரண்டு நில உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். அவர்கள் நிலத்தில் அப்படி நுழைந்தது மாநிலச் சாசனத்துக்கு விரோதம் என்று அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024-இல் தீர்ப்பளித்தது. வார்டன்களின் வேலை மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு, ஆனாலும் அந்தத் தீர்ப்பு சரி என்றுதான் நினைக்கிறேன். சோளத்தைக் கண்ட பிறகு நீதிபதியிடம் போய் வாரன்ட் வாங்க அவகாசம் இருக்கிறது, தீனி எங்கும் ஓடிவிடாது. ஒருவர் வீட்டுத் தோட்டத்துக்கு அப்பால் நிரந்தரமாகக் கேமரா வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பது வேறு விஷயம்.

நீதிமன்றத்தில் அதிகம் வரும் வாதம் விவசாயம். இயல்பான விவசாயத்தில் சிந்திய தானியம் தீனி ஆகாது என்று விதிகள் விலக்குக் கொடுக்கின்றன. அறுவடை முடிந்த சோள வயலின் ஓரத்தில் உட்கார்ந்து வான்கோழி வேட்டையாடலாம். இதைச் சாக்காக வைத்து, மார்ச் கடைசியில் உழாத நிலத்தில் கோதுமையை வீசிவிட்டு "விதைத்தேன்" என்பவர்கள் இருக்கிறார்கள். தெற்கே குளிர்காலக் கோதுமை விதைப்பது இலையுதிர் காலத்தில். எந்த மாதம், ஏக்கருக்கு எவ்வளவு என்று வேளாண் விரிவாக்கத் துறையின் பரிந்துரை இருக்கிறது, அதைக் காட்டினால் வாதம் நிற்காது. கோரை இனத்தைச் சேர்ந்த சூஃபா என்றொரு பயிரை வான்கோழிக்கென்றே பலர் விதைக்கிறார்கள். மண்ணுக்குள் விளையும் சின்னக் கிழங்குகளைப் பறவை தானே காலால் கீறித் தோண்டித் தின்னும். அது சட்டப்படி சரி. கிழங்கைக் கடையில் மூட்டையாக வாங்கிக் கொட்டினால் தீனி. விளைந்து நிற்கிறதா, கொண்டுவந்து போட்டதா என்பதுதான் கோடு.

எவ்வளவு தூரம் தள்ளி உட்கார்ந்தால் தப்பலாம் என்று வகுப்பில் தவறாமல் ஒருவர் கேட்பார். ஃபுளோரிடாவில் தீனி இருக்கும் பீடருக்கு 100 கெஜத்துக்குள் வான்கோழி சுடக் கூடாது என்று எண்ணாகவே எழுதியிருக்கிறார்கள். பல மாநிலங்களில் அப்படி எண் இல்லை, தீனி பறவையை உங்கள் பக்கம் இழுத்ததா என்றுதான் பார்ப்பார்கள். 300 கெஜம் தள்ளி உட்கார்ந்தாலும், பறவை தூங்கும் மரத்துக்கும் சோளத்துக்கும் நடுவில் உட்கார்ந்தால் நீங்கள் சோளத்தைத்தான் பயன்படுத்துகிறீர்கள்.

மூன்றாவது கேள்வி, தெரியாமல் போனவர் கதி. வாத்து, புறா போன்ற வலசைப் பறவைகளுக்கு 1918-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் இருக்கிறது. அதில் 1998 வரை தெரியாது என்பது பெரும்பாலும் செல்லாத பேச்சு. அந்த ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, தெரிந்திருந்தாரா அல்லது நியாயமாகப் பார்த்தால் தெரிந்திருக்க வேண்டுமா என்று அரசு காட்ட வேண்டும். வான்கோழி வலசை போகாது, எனவே இந்தச் சட்டத்தில் வராது, மாநில விதிதான். அது மாநிலத்துக்கு மாநிலம் வேறு, சிலவற்றில் தெரிந்ததா இல்லையா என்ற பேச்சே எடுபடாது. உங்கள் விஷயத்தில் அந்த விவாதமே எழாது. பீடர் இருப்பது உங்களுக்குத் தெரியும், நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

தண்டனையை அபராதத் தொகையை மட்டும் வைத்து எடைபோடாதீர்கள். அலபாமாவில் விதியை மீறிச் சுட்ட பறவையை காரில் வைத்து ஜார்ஜியா எல்லையைத் தாண்டினால் அது லேசி சட்டத்தின் கீழ் மத்திய அரசின் குற்றமாகிறது. 1900-இல் வந்த சட்டம் அது, ஒரு மாநிலத்தில் திருட்டுத்தனமாகக் கொன்றதை இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோவதைத் தடுப்பதுதான் அதன் வேலை. பணம் வாங்கிக்கொண்டு வழிகாட்டியாகக் கூட்டிப்போவதையும் அது விற்பனையாகவே பார்க்கிறது. விற்பனையும் 350 டாலருக்கு மேல் மதிப்பும் சேர்ந்தால், தெரிந்தே செய்தவருக்கு 5 ஆண்டு வரை சிறை. இன்னொன்று, மாநிலங்களுக்கு இடையே ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. 1989-இல் மூன்று மேற்கு மாநிலங்கள் தொடங்கியதில் இன்று கிட்டத்தட்ட எல்லா மாநிலங்களும் சேர்ந்துவிட்டன. ஓரிடத்தில் லைசன்ஸ் ரத்தானால் மற்ற இடங்களிலும் கதவு மூடும்.

நம் ஆட்களுக்கு இதில் தனிக் கவனம் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு, இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி தடை. சில விலக்குகள் உண்டு, அதில் முக்கியமானது ஏதாவதொரு மாநிலம் முறைப்படி கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசன்ஸ் கையில் இருப்பது. அதாவது நண்பரின் துப்பாக்கியைச் சும்மா வாங்கிப் பார்ப்பதற்குக்கூட உங்களுக்கு அந்த லைசன்ஸ்தான் அரண். தீனி வழக்கில் அது பறிபோனால் போவது வேட்டை மட்டுமில்லை. குற்ற வழக்கு எதுவானாலும் விசா புதுப்பிக்கும்போதும் கிரீன் கார்டு விண்ணப்பத்திலும் கேள்வியாக வரும். எவ்வளவு பாதிக்கும் என்பதைக் குடிவரவு வழக்கறிஞர்தான் சொல்ல முடியும். நான் சொல்லக்கூடியது, ஒரு காலை வேட்டைக்காக எடுக்கத் தகுந்த ஆபத்து இது இல்லை.

துப்பாக்கி எடுக்காமல் கூட உட்கார்ந்து பார்த்தால் என்ன என்று தோன்றலாம். பல மாநிலங்களில் வேட்டை என்ற வரையறைக்குள் துரத்துவது, வரவழைப்பது, உதவுவது எல்லாம் அடங்கும். நண்பருக்காக நீங்கள் குரல் கொடுத்தால் நீங்களும் வேட்டையில் இருக்கிறீர்கள் என்றுதான் வார்டன் எழுதுவார்.

உங்களுக்கு வேட்டை பழக வேண்டும் என்ற ஆசை உண்மையாக இருந்தால் அதை விட்டுவிட வேண்டாம். அலபாமாவில் 1977 ஆகஸ்ட் 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு வேட்டைப் பாதுகாப்புப் படிப்பு வேண்டும், முதலில் அதை முடித்துவிட்டு வெளிமாநிலத்தவருக்கான லைசன்ஸை வாங்குங்கள். நண்பரிடம் முகத்துக்கு நேராகவே பேசலாம், சண்டை போடத் தேவையில்லை. "அண்ணா, அந்த லைசன்ஸ் மானுக்குத்தானாம், வான்கோழிக்கு இல்லையாம், பார்த்துக்கொள்ளுங்கள்" என்று விதிப் புத்தகத்தின் பக்கத்தைக் காட்டினால் போதும். உண்மையிலேயே தெரியாமல் இருப்பவர்கள் நிறையப் பேர். பீடரை நிறுத்தி, தொட்டியைக் காலி செய்து, கீழே கிடக்கும் சோளத்தை மண்ணோடு வாரி அப்புறப்படுத்திய தேதியைப் படத்தோடு குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பக்கத்து லீஸ்காரரின் பீடர் எல்லையோரத்தில் இருக்கிறதா என்பதையும் விசாரிக்க வேண்டும். அவர் போட்ட சோளத்துக்கு வரும் பறவையைச் சுட்டாலும் சிக்கல்தான். 10 நாள் முழுசாகக் கழிந்த பிறகு, முந்தின நாள் பகலில் நீங்களே ஒரு சுற்று நடந்து, மேலே சொன்ன கிளறிய வட்டம் எங்காவது தெரிகிறதா என்று பாருங்கள். இருட்டில் போய் உட்கார்ந்து, விடிந்த பிறகு காலடியில் சோளத்தைக் கண்டால், தோட்டாவை எடுத்துவிட்டு வந்த வழியே வெளியேறுங்கள்.

அவர் கேட்கவில்லை என்றால் வேறு இடம் பாருங்கள். மாநிலமே நடத்தும் பொது வேட்டை நிலங்கள் இருக்கின்றன, அங்கே யாரும் தங்கள் பீடரை வைக்க முடியாது. சந்தேகம் தீரவில்லை என்றால் அந்த மாவட்டத்து வார்டனையே போனில் கூப்பிடுங்கள், எண் துறையின் இணையதளத்தில் இருக்கும். வேட்டைக்கு முன்னால் வந்து கேட்பவரிடம் அவர்கள் கடுகடுப்பாகப் பேசி நான் பார்த்ததில்லை. எந்த மாவட்டம், பீடர் எப்போது நின்றது, எவ்வளவு தூரத்தில் உட்காரப் போகிறீர்கள் என்ற மூன்றையும் குறித்து வைத்துக்கொண்டு கூப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.